நான் மடையன் ஆன கதை

எங்கள் தெருவில் ஒருவர், நாலு பேர் கேட்கும்படியாக, என்னை "மடையன்" என்று சொல்லிவிட்டார். நேயர்கள் பதற வேண்டாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொல்லப்போனால், அந்தப் பட்டத்தைப் பெறுவதற்கு நான் மிகவும் சிரமப்பட்டிருக்கிறேன். தாம்பரம் சமுத்திர மட்டத்துக்கு மேல் சுமார் 100 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு, 11,500 அடி உயரத்திலுள்ள ஒரு பாலைவனத்துக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் அது எனக்குக் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2019-ம் வருஷம் ஜூன் மாதம். அந்தக் கோடையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ச் சாலைக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில், குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டால் தண்ணீருக்குப் பதிலாகப் பெருமூச்சு வந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது ஜோசியருக்கும் தெரியாத ரகசியமாயிருந்தது. நள்ளிரவில் அதன் ஹாரன் சத்தம் கேட்டால் தெரு முழுவதும் குடங்களுடன் எழுந்து ஓடும். கலியாண ஊர்வலத்துக்குக்கூட எங்கள் தெருவில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. தெருவோரமாகச் செல்லும் கால்வாயில் பிளாஸ்டிக் பைகள் காற்றில் புரண்டன. அந்தக் கால்வாயின் மேல், எங்கள் வாசலுக்கு நேரே, கார் நிறுத்துவதற்காக நான் போட்டிருந்த சிமெண்டு மேடை மட்டும் பளபளவென்று சுத்தமாக இருந்தது.

இந்தச் சமயத்தில், டில்லியில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் பெண் டெலிபோனில் கூப்பிட்டாள். "அப்பா! நீங்களும் அம்மாவும் பத்து நாள் லடாக் போய் வாருங்கள். டிக்கட் வாங்கிவிட்டேன்" என்றாள்.

"அது எப்படிப்பட்ட ஊர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாலைவனம். ஆனால் மலைமேல் இருக்கும் பாலைவனம். வருஷம் முழுவதும் சேர்த்து 10 சென்டிமீட்டர் மழைதான் பெய்யுமாம்" என்று படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தண்ணீர் இல்லாத ஊரைப் பார்ப்பதற்கு ஆகாய விமானம் ஏற வேண்டுமா? நம்முடைய கொல்லைக் கதவைத் திறந்தால் போதாதா?" என்றாள் அவள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் புறப்பட்டோம்.

டில்லியிலிருந்து லே நகரத்துக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. அந்த ஒன்றேகால் மணியில் உலகமே மாறிவிடுகிறது. முதலில் பச்சை மலைகள். பிறகு வெண்பனி மூடிய சிகரங்கள். அவற்றைத் தாண்டியதும் திடீரென்று எல்லாம் காவி நிறமாகவும் சாம்பல் நிறமாகவும் ஆகிவிட்டன. மரம் இல்லை, புல் இல்லை, செடி இல்லை. சிருஷ்டி தொடங்கிய நாளிலிருந்து யாரும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடாத வாசலைப்போல் அந்தப் பூமி கிடந்தது.

இதற்குக் காரணம் இமயமலைதான். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம்முடைய பக்கம் வரும்போது தூறலாக இளைத்துப் போகிறதல்லவா? இமயமலையோ அதைவிடப் பன்மடங்கு உயரமான மதில். பருவக் காற்றுக் கொண்டு வரும் மேகங்கள் தென்புறத்திலேயே தங்கள் செல்வத்தையெல்லாம் கொட்டிவிடுகின்றன. மதிலுக்கு அப்பால் போய்ச் சேரும் காற்று வெறுங்கையுடன் போகிறது.

விமானத்தை விட்டு இறங்கிப் பத்து அடி நடந்ததும் எனக்கு மூச்சு இரைத்தது. நல்ல காற்று வேண்டும் என்பதற்காகவே க்ஷயரோகிகளுக்கு 1928-ல் தாம்பரத்தில் ஸானடோரியம் கட்டினார்கள். அந்தக் காற்றை நாற்பது வருஷம் இலவசமாகச் சுவாசித்தவன் நான். லேயில் சுவாசிக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. ஆகையால் முதல் இரண்டு நாளும் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கண்டிப்பான உத்தரவு. மண்டையிடியும் தூக்கமின்மையுமாக அந்த இரண்டு நாளைக் கழித்தோம்.

ஆனால் படுத்திருந்தபோதே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் பெயரோடு "லே" சேர்க்கிறார்கள். அம்மாவை "அமா-லே" என்றும், அப்பாவை "அபா-லே" என்றும், அண்ணனை "அச்சோ-லே" என்றும் அழைக்கிறார்கள். எனக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அங்கே பெரியவர்களைப் பார்த்து "லே" போட்டால் என்ன கிடைக்கும் என்பதை நேயர்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். லடாக்கில் ஒரு சிறு பையன் என்னைப் பார்த்து, "ஜூலே, அபா-லே!" என்று கைகூப்பியபோது, ஒரு கணம் என் கை அவன் காதைத் தேடிப் போய்விட்டது! "ஜூலே" என்றால் வணக்கம். போகும்போதும் வரும்போதும், நன்றி சொல்லவும் அந்த ஒரே சொல்தான்.

மூன்றாம் நாள், லேக்குச் சில மைல் தூரத்திலுள்ள சாபூ கிராமத்துக்குப் போய், ஒரு குடியானவர் வீட்டில் விருந்தினராகத் தங்கினோம். எங்களை அழைத்துச் சென்ற டிரைவர் இளைஞர். ஹிந்தி நன்றாகப் பேசினார். என் மனைவி சிறுமியாயிருந்தபோது, மகாத்மா காந்தி 1918-ல் தொடங்கி வைத்த தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளில் தேறியவள். இத்தனை வருஷமாக அந்தச் சான்றிதழ்கள் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. லடாக்கில் அவள் எனக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். வீட்டுக்காரர்கள் லடாக்கி மொழியில் சொல்வதை டிரைவர் ஹிந்தியில் சொல்வார்; அவள் தமிழில் சொல்வாள். மூன்று மடைகளைக் கடந்து பேச்சு என் காதுக்கு வந்து பாய்ந்தது. வழியில் எவ்வளவு சிந்திப் போயிற்றோ தெரியாது.

அந்த வீட்டு அமா-லேக்கு எழுபது வயது இருக்கும். சமையலறைதான் அவர்களுடைய கூடம். சுவர் முழுவதும் தட்டுக்கள் அமைத்து, பித்தளைப் பாத்திரங்களையும் செப்புப் பாத்திரங்களையும் துலக்கி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதைக் கண்டதும் என் மனைவிக்கு அந்நிய தேசத்துக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணமே போய்விட்டது. "என் பாட்டி வீட்டு அடுக்களைக்கு வந்ததுபோல் இருக்கிறது" என்றாள். "ட்ஸம்பா சாப்பிடுகிறீர்களா?" என்று அமா-லே கேட்டபோது, சம்பா அரிசிச் சோறுதான் வரப்போகிறது என்று நாங்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வந்தது வறுத்த வாற்கோதுமை மாவு! கூடவே வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீர். தேநீருக்கும் ரசத்துக்கும் கலியாணம் செய்து வைத்தால் பிறக்கக்கூடிய குழந்தை அது. முதல் கிண்ணம் கஷ்டம். மூன்றாவது கிண்ணத்தில் எனக்கும் அதற்கும் சிநேகம் ஏற்பட்டுவிட்டது.

கிராமம் பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. வாற்கோதுமை வயல்கள், நெட்டிலிங்கம்போல் உயர்ந்து நிற்கும் பாப்லார் மரங்கள், வில்லோ மரங்கள், சர்க்கரை பாதாமி மரங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் பச்சை, கத்தியால் வெட்டியதுபோல் ஓரிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் ஓர் அடிகூடப் புல் இல்லை. வெறும் கல்லும் மணலும். வாய்க்கால் தண்ணீர் எதுவரையில் போகிறதோ அதுவரையில்தான் உயிர். அதற்கப்பால் பாலை.

மறுநாள் காலையில்தான் என்னுடைய மானம் போயிற்று.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பளிங்குபோன்ற தண்ணீர். ஓடும் நீரைக் கண்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்த எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பல் துலக்கிக்கொண்டே போய்க் கரையில் உட்கார்ந்தேன். வாயைக் கொப்பளித்து, வாய்க்காலிலேயே துப்பினேன். அவ்வளவுதான். அமா-லே, எழுபது வயதை மறந்து ஓடி வந்தார். அதட்டவில்லை. என் கையைப் பிடித்து எழுப்பி, கீழே பள்ளத்தில் புகை கிளம்பிக்கொண்டிருந்த வீடுகளைச் சுட்டிக் காட்டினார். பிறகு குடிப்பதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். இதற்கு ஹிந்தியும் வேண்டியிருக்கவில்லை, தமிழும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஊர்களில் ஓடும் நீரை அசுத்தம் செய்வது பெரிய பாவம் என்று குழந்தைப் பருவத்திலிருந்தே கற்பிக்கிறார்கள். ஊற்றுக்களிலும் ஓடைகளிலும் "லூ" என்னும் நாக தேவதைகள் வசிப்பதாக நம்பிக்கை. தண்ணீரைக் கெடுத்தால் நாகங்களுக்குக் கோபம் வரும். கெடுத்தவனுக்குத் தோல் வியாதி வரும். இதை என் மனைவி மொழிபெயர்த்துச் சொன்னபோது, நம்முடைய ஏரிக்கரைகளில் அரசமரத்தடியில் பின்னிக்கொண்டு நிற்கும் நாகர் சிலைகள் என் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றுக்கு நாம் இன்னும் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறோம். பக்கத்திலிருக்கும் ஏரியில்தான் குப்பையைக் கொட்டுகிறோம்.

அன்று நான் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டுக்கொண்டு அறையிலேயே இருந்தேன். குளிக்க வெந்நீர் கேட்டதற்கு ஒரே ஒரு வாளி வந்தது. அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பாதி போதும் என்று தோன்றியது.

பின்னேரம் டிரைவர் வந்து, "ஊர்ச் சுர்பொன் வாய்க்கால் பார்க்கப் போகிறார், வருகிறீர்களா?" என்று கேட்டார். "சூ" என்றால் தண்ணீர். "பொன்" என்றால் தலைவர். ஊர்த் தண்ணீரை யார் யாருக்கு எப்போது பங்கிடுவது என்று தீர்மானிப்பவர்தான் சுர்பொன். தண்ணீரோடு "பொன்" என்ற சொல்லைச் சேர்த்திருப்பது தமிழ்க் காதுக்கு எவ்வளவு பொருத்தமாகப் பட்டது!

அவர் ஐம்பது வயதுள்ள குடியானவர். காலில் ரப்பர் பூட்ஸு. கையில் ஒரு மண்வெட்டி. வேறு எந்த அதிகாரச் சின்னமும் இல்லை. அவரோடு வாய்க்கால் ஓரமாக மேலே ஏறிப் போனோம். பத்து அடிக்கு ஒரு தரம் நான் மூச்சு வாங்க நின்றேன். நான் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்று, வாய்க்காலில் விழுந்திருந்த ஒரு கல்லையோ குச்சியையோ எடுத்துப் போட்டார். என்னால் அன்று அந்த வாய்க்காலுக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

உச்சியில் ஒரு குளம் இருந்தது. அதற்கு "ஸிங்" என்று பெயர். மலைமேல் உறைந்திருக்கும் பனி பகல் வெயிலில் உருகி ஓடையாக வருகிறது. இரவில் வரும் தண்ணீர் வீணாகாதபடி அதைக் குளத்தில் தேக்கி வைத்துக் காலையில் திறந்து விடுகிறார்கள். ஒவ்வொரு வயலுக்கும் முறை உண்டு. ஒருவர் முறை முடிந்ததும் அவருடைய வாய்மடையைக் கல்லாலும் புல்கட்டியாலும் அடைத்து, அடுத்தவர் மடையைத் திறக்க வேண்டும். பணக்காரருக்கு ஒரு முறை, ஏழைக்கு ஒரு முறை என்பது கிடையாது.

"கீழே சிந்து நதி ஓடுகிறதே, அதிலிருந்து எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பாரதியார் தம் பாட்டில் இடம் கொடுத்த சிந்து நதியை நான் முந்தின நாள்தான் பார்த்துப் புளகாங்கிதம் அடைந்திருந்தேன்.

சுர்பொன் சிரித்தார். "நதி கீழே இருக்கிறது, வயல் மேலே இருக்கிறது. நதி பார்ப்பதற்கு, பனி பிழைப்பதற்கு" என்று பதில் வந்தது.

அந்தப் பனிக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பூமி வெப்பம் அடைய அடைய மலைமேலுள்ள பனிப்பாறைகள் சுருங்கி வருகின்றன. விதைப்பதற்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உயரத்திலுள்ள பனிப்பாறை உருகுவதோ ஜூன் மாதத்தில். இந்த இடைவெளியை நிரப்ப லடாக் புத்திரர்களே இரண்டு வழிகள் கண்டிருக்கிறார்கள். சேவாங் நோர்பெல் என்ற எஞ்சினீயர், தம் தோட்டத்தில் திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர் மர நிழலில் உறைந்து கிடப்பதைக் கண்டு, கிராமங்களுக்கு அருகிலேயே ஓடை நீரை நிழலில் மெதுவாக ஓடவிட்டுச் செயற்கைப் பனிப்பாறைகள் உண்டாக்கினார். தாழ்ந்த இடத்தில் இருப்பதால் அவை முன்னதாகவே உருகி விதைப்புக்கு உதவும். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஸோனம் வாங்சுக் என்பவர் 2013, 14-ம் வருஷக் குளிர்காலத்தில் வேறொரு யுக்தி செய்தார். மேட்டிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றுப்போல் பீச்ச விட்டால், அது கடுங்குளிரில் உறைந்து கோபுரமாக எழும்புகிறது. கூம்பு வடிவமாகையால் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆகவே மெதுவாக உருகும். யந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். டிரைவர் தம் டெலிபோனில் அந்தப் பனிக் கோபுரத்தின் படத்தைக் காட்டினார். தெய்வம் எழுந்தருளாத கோபுரம்; ஆனால் நீர் குடிகொண்ட கோபுரம்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கும் கொஞ்சம் பெருமை பேசவேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. காலையில் போன மானத்தை மாலையில் மீட்க வேண்டாமா?

"எங்கள் நாட்டிலும் இதெல்லாம் உண்டு" என்று தொடங்கினேன். "எங்கள் செங்கற்பட்டுச் சீமைக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். தாம்பரத்துக்குத் தென்மேற்கே உத்தரமேரூர் என்று ஓர் ஊர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், அந்த ஊரார் ஏரியைக் கவனிப்பதற்கு ஏரி வாரியம் என்று ஒரு சபை வைத்திருந்தார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லி, அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வருஷந்தான் பதவி. கோயில் சுவரில் கல்வெட்டே இருக்கிறது. அப்புறம் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் உங்களைப்போல் ஒருவர் இருந்தார். மழைக்காலத்து நள்ளிரவில் ஏரி நிரம்பினால், உயிரைத் திரணமாக மதித்து மதகைத் திறப்பவர் அவர்தான்."

என் மனைவி மூச்சு விடாமல் இதை ஹிந்தியாக்கினாள். ராஷ்டிரபாஷைப் பரீட்சையில்கூட அவ்வளவு கஷ்டமான பகுதி வந்திருக்காது. சுர்பொன் ரொம்பவும் கவனமாகக் கேட்டுத் தலையை அசைத்தார். "நல்ல ஏற்பாடு. எங்களுக்கு வீட்டு முறை, உங்களுக்குச் சீட்டு. இரண்டிலும் ஒருவரே எப்போதும் அதிகாரம் பண்ண முடியாது" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இப்போது உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்பவர் யார்?"

நான் கொஞ்சம் யோசித்து, "சர்க்கார்" என்றேன்.

"சர்க்கார் இங்கேயும் உண்டு. இரவில் மதகுக்குப் போகிறவர் யார் என்று கேட்கிறேன்."

மூன்று மடைகளையும் தாண்டி வந்த அந்தக் கேள்வியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. என் மனைவி மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன்.

அன்று இரவு அமா-லே அடுப்பருகில் உட்கார்ந்து 2010-ம் வருஷக் கதையைச் சொன்னார். ஆகஸ்டு 5-ம் தேதி இரவு, பெய்யாத ஊரில் பேய்மழை கொட்டியது. மலைகளில் வேர் பிடித்து நிறுத்த மரம் இல்லை. மண்ணும் பாறையும் தண்ணீருமாகச் சேறு உருண்டு வந்து லே நகரத்திலும், சோக்லம்ஸரிலும், சுற்றுக் கிராமங்களிலும் பாய்ந்தது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். பாப்லார் கழிகளின் மேல் வில்லோச் சுள்ளி பரப்பி மண் பூசிய தட்டைக் கூரைகள் அவர்களுடையவை. பனியைத் தாங்கும், பெருமழையைத் தாங்கா. "கூரை ஒழுகியபோது கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் வைத்தோம். விடிந்தபோது கீழ்ப்புறத்து வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை" என்றார்.

நாங்களும் எங்கள் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. லேக்கு ஐந்து வருஷத்தில் கிடைக்கும் மழை, எங்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது! அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் கடலாயின. ஜனங்கள் படகில் ஏறிப் போனார்கள். அந்த இரவு எங்கள் தெருவில் தண்ணீர் முதலில் நுழைந்தது எங்கள் வீட்டில் அல்ல, பக்கத்து வீட்டில். அங்கே தனியாக இருக்கும் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி எங்கள் மாடியில் கொண்டு வந்து வைத்தோம். அவளுடைய அரிசி, துணிமணி, காலஞ்சென்ற கணவருடைய ஒரே ஒரு புகைப்படம் எல்லாம் நனைந்து போயின. "வருண பகவானுக்கு என்ன கோபமோ, தம்பி!" என்று பாட்டி சொன்னாள். "ஆமாம் பாட்டி" என்றேன் நான்.

இதை நான் அமா-லேயிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, நடுவில் நாக்குத் தடுமாறிற்று. ஏனென்றால் வருண பகவானை விட எனக்குக் கொஞ்சம் அதிகமாக விஷயம் தெரியும். தெருக்கால்வாய் மூன்று அடி அகலம். அதன்மேல் சிமெண்டு மேடை போட்டபோது, கொத்தனார், "தண்ணீர் போக வழி விட வேண்டுமே, சார்!" என்றார். "ஒரு குழாயைப் போட்டு மூடப்பா, இந்தக் கால்வாயில் எங்கே தண்ணீர் வரப்போகிறது?" என்றேன். அரை அடிக் குழாய் போட்டார். 49 சென்டிமீட்டர் மழை அந்த அரை அடிக் குழாயைப் பார்த்துவிட்டு, பாட்டி வீட்டு வழியாகத் திரும்பிப் போயிற்று. நாலு வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. நாலாயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவர்போல் எங்களுக்கு அந்நியமான ஒரு கிழவியின் அடுப்பங்கரையில், தமிழில் அதைச் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டியவள் மொழிபெயர்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ஊருக்குப் போனதும் முதலில் அதை இடியுங்கள்" என்று மட்டும் சொன்னாள். அமா-லே ஒன்றும் கேட்காமல் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த இடங்கள் எத்தனையோ. திக்ஸே மடாலயத்தில் விடியற்காலையில் பிக்ஷுக்கள் ஊதிய கொம்பின் நாதம் இன்னும் என் காதில் இருக்கிறது. சாங் லா கணவாயைத் தாண்டி, சுமார் 14,000 அடி உயரத்திலுள்ள பாங்காங் ஏரிக்கும் போனோம். 134 கிலோமீட்டர் நீளம். பாதிக்கு மேல் திபேத்தில் இருக்கிறது. அதன் நீலத்தை வர்ணிக்க என்னால் ஆகாது. என் மனைவி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு! நம் மெரீனாவை மலைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள்" என்றாள். ஆனால் லேயில் எங்களைத் துன்புறுத்திய காட்சி ஒன்று உண்டு. அங்கே புதிதாக எழும்பியிருக்கும் ஹோட்டல்களின் வாசலில் தண்ணீர் லாரிகள் நின்றன. வருஷந்தோறும் லட்சக்கணக்கில் வரும் எங்களைப்போன்ற யாத்திரிகர்கள் குளிப்பதற்காகக் குழாய்க் கிணறுகள் தோண்டுகிறார்கள். லாரியின் ஹாரன் சத்தம் முடிச்சூர்ச் சாலையில் கேட்ட அதே ராகத்தில் இருந்தது.

ஜூலை மாத ஆரம்பத்தில் ஊர் திரும்பினோம். 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தோரணம் கட்டி வரவேற்றார்கள். அதே கோடையில் சிட்லபாக்கத்து ஜனங்கள் வேறொரு காரியம் செய்தார்கள். தங்கள் ஏரியில் தாங்களே இறங்கி, குப்பையைக் கைகளால் வாரி அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். பிறகுதான் சர்க்காரும் பணம் ஒதுக்கி ஏரியைச் சீர்ப்படுத்த முன்வந்தது. இரவில் மதகுக்குப் போகிறவர் யார் என்ற கேள்விக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் அதுதான். ஒரு மாதம் தாமதமாகக் கிடைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையன்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். மேடையை இடிக்கச் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டி வாசலுக்கு வந்து, "எதற்குத் தம்பி, நன்றாயிருந்ததை இடிக்கிறாய்?" என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "அந்தப் போட்டோவில் அவர் ரொம்ப நன்றாயிருப்பார்" என்றாள். பிறகு உள்ளே போய், கொத்தனாருக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. அது நியாயந்தான்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வரிசை வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்தார். அவர் வாசலிலும் ஒரு மேடை இருக்கிறது. என்னுடையதை விடப் பெரியது. இடிப்பதைப் பார்த்துவிட்டு, "பணத்தைக் கொட்டிக் கட்டியதை, பணத்தைக் கொட்டி இடிக்கிறானே! இவன் என்ன மடையனா?" என்று நாலு பேர் கேட்கும்படி சொன்னார்.

மடையைத் திறப்பவனையும் மடையன் என்று சொல்லலாமல்லவா? ஆகையால் கைகூப்பி, "ஜூலே!" என்றேன். அதன் பொருளை அவர் இன்றுவரை கேட்கவில்லை.

2023 டிசம்பர் மாதப் புயல்மழையில் எங்கள் கால்வாயில் தண்ணீர் வந்தது. நள்ளிரவில் குடையைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியுடன் போய்ப் பார்த்தேன். எங்கள் வாசலையும் பாட்டி வாசலையும் தாண்டித் தடையில்லாமல் ஓடிற்று. அடுத்த திருப்பத்தில் போய் நின்றது. அங்கே இன்னொருவருடைய மேடை. குழாயை அடைத்திருந்த பைகளை நான் குனிந்து வாரிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இன்னொரு டார்ச்சு விளக்கின் வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசை வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்கள் சார், அந்தப் பக்கம் நான் பார்க்கிறேன்" என்றார்.

அன்றிரவு எங்கள் தெருவில் மடையர்கள் இரண்டு பேர்.